ஆசானை அளக்கும் கோல்

2025-ஆம் வருஷம் அக்டோபர் 14-ஆந் தேதி கோவாவின் மட்காவ் நகரில் சிங்கப்பூர் அணி நமது தேசத்தின் கால்பந்து அணியை 2-க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்றது. 2027-ஆம் வருஷத்து ஆசியக் கோப்பையில் நமக்கு இடமில்லை என்பது அத்துடன் நிச்சயமாயிற்று. இத்தகைய தோல்வி நேரும்போதெல்லாம் கால்பந்து அபிமானிகள் பழைய வாதம் ஒன்றைத் தூசி தட்டி எடுப்பது வழக்கம். நமது அணிக்கு முன்பு வாய்த்த பயிற்சியாளர்களில் மிகச் சிறந்தவர் யார் என்பதே அவ்வாதம். இருக்கும் நிலைமையில் மனம் கசக்கும்போது போன காலத்து ஆசானை நினைத்துக்கொள்வது மனித சுபாவம். அதை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் அவ்வாதம் நடைபெறும் முறையைப் பற்றியும், அதன் இரைச்சலில் மறைந்துபோகும் ஓர் உண்மையைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்வது அவசியமென்று கருதுகிறோம்.

இவ்வாதத்தில் முக்கியமாக நான்கு கட்சிகள் உண்டு. முதற் கட்சியார் ஹைதராபாத் ஸையத் அப்துல் ரஹீமின் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். 1951-இல் டில்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கம்; 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது ஸ்தானம். இவற்றுக்கு ஈடான காரியம் இன்றளவும் நடக்கவில்லை. இரண்டாவது கட்சியார் 2006 முதல் 2011 வரை பொறுப்பு வகித்த ஆங்கிலேயர் பாப் ஹௌட்டனைச் சொல்லுவார்கள். ஸ்வீடன் தேசத்து மால்மோ சங்கத்தை 1979-இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனவர் அவர். நமக்கு 2007-இலும் 2009-இலும் நேரு கோப்பையையும், 2008-இல் சாலஞ்ச் கோப்பையையும் வாங்கித் தந்து, 27 வருஷங்களுக்குப் பின் ஆசியக் கோப்பையின் வாசலைத் திறந்துவிட்டவரும் அவரே.

மூன்றாவது கட்சியாருக்கு ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் தெய்வம். இருமுறை பொறுப்பேற்ற இந்த ஆங்கிலேயர், 2015-இல் உலகத் தரவரிசையில் 170-க்கும் அப்பால் கிடந்த அணியை 2017 ஜூலையில் 96-ஆம் ஸ்தானத்துக்கு உயர்த்தினார். 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை 4-க்கு 1 என்று வென்றார். நான்காவது கட்சியார் குரோஷியா தேசத்து இகோர் ஸ்டிமாச்சின் பக்கம் நிற்பவர்கள். ஆசியச் சாம்பியனாக இருந்த கத்தார் அணியை 2019 செப்டம்பரில் அதன் தலைநகரிலேயே கோல் போடவிடாமல் தடுத்து நிறுத்தியதையும், 2023-இல் சில வாரங்களுக்குள் இரண்டு கோப்பைகளை வென்றதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இந்நால்வருக்கும் நடுவே, 1984-இல் நமது அணியை ஆசியக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற யூகோஸ்லாவியர் மிலோவான் சிரிச்சை மறவாத முதியவர்களும், ஆட்டக்காரராகவும் ஆசானாகவும் பெயர் பெற்ற பி. கே. பானர்ஜியை விட்டுக்கொடுக்காத வங்காளத்து அன்பர்களும் உண்டு.

வாதம் வீணென்று சொல்லுவோர் சிலர். நாம் அப்படி நினைக்கவில்லை. கல்கத்தாவில் 1997 ஜூலை 13-ஆந் தேதி பானர்ஜி பயிற்றுவித்த ஈஸ்ட் பெங்கால் சங்கமும், அமல் தத்தா பயிற்றுவித்த மோகன் பகான் சங்கமும் ஃபெடரேஷன் கோப்பையின் அரை இறுதியில் மோதின. தத்தாவின் புதிய வியூகம் வெல்லுமா, பானர்ஜியின் உற்சாகமூட்டும் வித்தை வெல்லுமா என்பதே அன்றைய கேள்வி. ஆட்டத்தைப் பார்க்க லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் திரண்டனர். ஈஸ்ட் பெங்கால் 4-க்கு 1 என்று வென்றது. டிராம் வண்டியில் போகும் குமாஸ்தாவும் மீன் விற்பவனும் ஆட்ட வியூகங்களைப் பற்றித் தர்க்கம் செய்தார்களென்றால் அது அந்நகரத்துக்குப் பெருமையேயன்றிச் சிறுமையன்று. ஆசானைப் பற்றிப் பேசும் ஜனங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது பொருள். ஆகவே வாதம் நடக்கட்டும். ஆனால் எந்தக் கோலால் அளப்பது என்பதில் தெளிவு வேண்டும்.

பெரும்பாலோர் கையிலெடுக்கும் முதல் அளவுகோல் பதக்கம். இதைக்கொண்டு அளந்தால் விசித்திரமான முடிவு ஏற்படும். ஆசியக் கோப்பையில் நமது அணி அடைந்த மிக உயர்ந்த ஸ்தானம் 1964-இல் பெற்ற இரண்டாவது ஸ்தானம். அப்போது பயிற்சியாளர் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர். அவர் பெயரை இன்று எத்தனை பேர் சொல்லுகிறார்கள்? சொல்லாததற்கு நியாயமும் உண்டு. இஸ்ரேலில் நடந்த அப்போட்டியில் ஆடிய அணிகள் நான்கே. 2019-இல் கான்ஸ்டன்டைன் நுழைந்த அதே கோப்பையில் ஆடிய அணிகள் 24. நான்கு பேர் ஓடிய பந்தயத்தில் இரண்டாவதாக வருவதும் இருபத்துநான்கு பேர் ஓடும் பந்தயத்தில் இடம் பிடிப்பதும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல.

இரண்டாவது அளவுகோல் உலகத் தரவரிசை. 1992-ஆம் வருஷக் கடைசியில்தான் இவ்வரிசை ஏற்பட்டது. ரஹீம் காலமாகி அப்போது 29 வருஷங்கள் ஆகிவிட்டன. எனவே அவரை இதனால் அளக்கவே முடியாது. மேலும் இவ்வரிசையில் நமது தேசம் எட்டிய உச்சம் 96 அன்று. 1996 பிப்ரவரியில் எட்டிய 94. அச்சமயம் பயிற்சியாளராக இருந்தவர் உஸ்பெகிஸ்தானத்து ருஸ்தம் அக்ரமோவ். பைசுங் பூட்டியா என்ற வாலிபனைத் தேச அணியில் முதன்முதலாக ஆடவைத்தவரும் அவரே. தரவரிசையே தர்மம் என்போர் நேர்மையுள்ளவர்களானால் அக்ரமோவுக்கல்லவா மாலை சூட்ட வேண்டும்? அவர் பெயர் எந்தக் கட்சியின் வாயிலும் வருவதில்லை. தரவரிசை என்பது யாரோடு ஆடினோம், எத்தகைய போட்டியில் ஆடினோம் என்பவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும் கணக்கு. எளிய எதிரிகளைத் தேடித் தேடி ஆடினால் ஏறவும், வலியவர்களோடு மோதிப் பாடம் கற்றால் இறங்கவும் அதில் வழியுண்டு. அது குறித்துக்கொள்ளத்தக்கதே, தீர்ப்புக்கு மட்டும் போதாது.

மூன்றாவது அளவுகோல் பிறப்பு. சுதேசி ஆசானா, அந்நிய ஆசானா என்று இரண்டாகப் பிரித்து நின்று பேசுவோர் பலர். ரஹீமைக் காட்டி அந்நியர் எதற்கு என்பர் ஒரு சாரார். பின்வந்தவர்களின் தோல்விகளைக் காட்டி நம்மவர்களுக்கு என்ன தெரியும் என்பர் மற்றொரு சாரார். இருவரும் தவறுகிறார்கள். வித்தைக்குத் தேசம் கிடையாது. கல்வி எங்கிருந்து வந்தாலும் வரவேற்க வேண்டியதே. ஆனால் வந்த வித்தை நம் கையில் தங்கியதா என்பதைக் கேட்க நமக்குப் பூரண உரிமையுண்டு. ஆசானின் ஊர் எதுவாயினும், அவன் கற்பித்துச் சென்ற தொழிலை நம்மவர் தொடர்ந்து நடத்த முடிகிறதென்றால் அதுவே உண்மையான சுதேசியம்.

நமது அபிப்பிராயத்தில் ஒரு பயிற்சியாளரைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பொறுப்பேற்றபோது அவர் கையில் கொடுக்கப்பட்டது என்ன? அதைக்கொண்டு யாரை எதிர்த்து எவ்வளவு தூரம் சென்றார்? விலகும்போது அடுத்தவருக்கு எதை விட்டுச்சென்றார்? இம்மூன்றையும் கேட்டு ரஹீமின் வாழ்க்கையைப் பார்ப்போர், அவரைப் புகழ்வோர்கூடச் சொல்லாமல் விடும் ஒரு விஷயத்தைக் காண்பார்கள்.

ரஹீம் 1909-இல் பிறந்தவர். தொழிலால் பள்ளிக்கூட உபாத்தியாயர். 1943 முதல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசி. அந்நகரத்துப் போலீஸ் அணி அவரிடம் பயின்று 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷங்கள் தொடர்ந்து பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் கற்பித்த விதம் கவனிக்கத்தக்கது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு தனித்து ஓடக்கூடாது என்ற விதியோடு சிறுவர்களுக்குப் பந்தயங்கள் நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடும் நடத்தினார். ஒருவன் வித்தையைப் பதினொருவர் வித்தையாக்குவதும், ஒற்றைக் காலனை இரட்டைக் காலனாக்குவதும் இவற்றின் நோக்கம். இதற்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை. ஒரு மைதானமும், சிந்திக்கும் உபாத்தியாயர் ஒருவரும் போதுமாயிருந்தது. பலராம், நூர் முகமது, ஜுல்பிகருதீன் முதலியோர் அந்த ஹைதராபாத்திலிருந்து வந்தவர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். 1951-இல் டில்லியில் ஈரானை 1-க்கு 0 என்று வென்று தங்கம் பெற்ற ரஹீம், மறு வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துச் சென்றார். நமது ஆட்டக்காரர் பலர் காலணியின்றி ஆடினர். எதிரி யூகோஸ்லாவியா. முடிவு 10-க்கு 1. முதல் ஆட்டத்தோடு அணி ஊர் திரும்பிற்று. பத்து கோல்! இன்று அப்படியொரு தோல்வி நேருமாயின் என்ன நடக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். மறுநாள் காலைக்குள் ஆயிரம் பேர் பயிற்சியாளரின் தலையைக் கேட்பார்கள். மாலைக்குள் சம்மேளனத்தார் அவர் சேவைக்கு நன்றி தெரிவித்து ஓர் அறிக்கை விடுவார்கள். இருவருக்கும் மனம் ஆறிவிடும்.

1952-இல் நடந்தது வேறு. தோல்வியிலிருந்து பாடம் கற்றார்கள். அதன்பின் ஆட்டக்காரர்கள் காலணி அணிந்தே ஆடவேண்டுமென்று சம்மேளனம் விதித்தது. நான்கு வருஷங்கள் சென்றபின் மெல்போர்னுக்கு அணியை அழைத்துச் சென்றவரும் அதே ரஹீம்தான். ஹங்கேரி அணி விலகிக்கொண்டதால் முதற் சுற்றில் ஆட்டமில்லை. அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-க்கு 2 என்று வென்றார்கள். நெவில் டிஸோஸா மூன்று கோல் போட்டார். அரை இறுதியில் எதிரே நின்றது மறுபடியும் யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தவர்கள் நம்மவர்களே! முடிவில் 4-க்கு 1 என்று தோற்றார்கள் என்பது மெய். ஆனால் பத்து கோல் வாங்கிய இடத்திலிருந்து, அதே தேசத்தாரை முந்திக்கொண்டு கோல் போட்டு நிற்கும் இடம்வரை நான்கு வருஷங்களில் வந்தார்கள் என்பதும் மெய். இந்த நான்கு வருஷங்கள் வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் மெய்யாகக் கிடைத்ததில்லை.

1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1-க்கு 1 என்று சமன் செய்தார்கள். தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜ் அவ்வணியில் இருந்தவர் என்பதைத் தமிழ் வாலிபர்கள் அறிந்திருக்க வேண்டும். 1962-இல் ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-க்கு 0 என்று தோல்வி. பின்பு தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் அணிகளை வரிசையாக வென்று இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவைச் சந்தித்தார்கள். இஸ்ரேலும் தைவானும் அவ்விழாவிலிருந்து விலக்கப்பட்டதை நமது பிரதிநிதி ஒருவர் ஆட்சேபித்ததால், அரங்கிலிருந்த பெருங்கூட்டம் நமக்குப் பகையாயிருந்தது. தற்காப்பு ஆட்டக்காரரான ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் தையல் போடும்படியான காயம். அவரை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். பானர்ஜி ஒரு கோலும் ஜர்னெயில் ஒரு கோலும் அடித்து, 2-க்கு 1 என்று தங்கம் நமதாயிற்று.

அக்காலத்தில் ஆசியாவே பலவீனமாயிருந்தது, அதனால்தான் வென்றோம் என்று சொல்லுவோர்க்கு ஒரு வார்த்தை. ஜகார்த்தாவில் தோற்ற தென் கொரியா 1956, 1960 ஆகிய இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்று நின்ற அணி. எதிரி எளியவன் அல்ல. அன்று ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நமக்கும் இருந்த தூரம் சிறிது. பின்னர் அது பெரிதாயிற்று என்பதே சரி. பெரிதானதற்குக் காரணம் என்ன?

அடுத்த வருஷம், 1963 ஜூன் 11-ஆந் தேதி, புற்றுநோயால் ரஹீம் காலமானார். விதைத்தவன் போன பின்னும் ஒரு போகம் விளைந்தது. 1970-இல் பாங்காக்கில் ஜி. எம். எச். பாஷாவின் பயிற்சியில் வெண்கலம் கிடைத்தது. அணித் தலைவர் ஸையத் நயீமுதீன் ஹைதராபாத்துக்காரர். ரஹீமின் ஆட்டக்காரரான பானர்ஜி தாமே ஆசானானார். 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் நமது சைமன் சுந்தர்ராஜ். ரஹீம் விட்டுச்சென்ற சொத்து இதுவே: ஆட்டத்தைக் கற்றவர்கள், கற்பிக்கவும் கற்றார்கள். ஆனால் அவர் முறையைப் பதிவு செய்து, பாடமாக்கி, ஜில்லாதோறும் உபாத்தியாயர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய காரியத்தை எந்த அமைப்பும் கையேற்கவில்லை. அந்தப் பாங்காக் வெண்கலத்துக்குப் பின் ஆசிய விளையாட்டு விழாவில் நமது ஆடவர் அணிக்கு ஒரு பதக்கமும் கிடைத்ததில்லை. அவர் இறந்து அறுபது வருஷங்களுக்குப் பின், 2024-இல் வெளிவந்த 'மைதான்' என்ற ஹிந்திப் படத்தின் மூலமே நம் வாலிபர் பலர் அவர் பெயரை அறிந்தார்கள் என்றால் அது யாருக்கு வெட்கம்?

ஜகார்த்தாவில் நாம் 2-க்கு 0 என்று வென்ற ஜப்பானைப் பாருங்கள். அத்தேசத்தார் 1960-இல் ஜெர்மனியிலிருந்து டெட்மர் கிராமர் என்ற ஆசானை வரவழைத்தார்கள். அவர் வந்தவுடன் கோப்பைகள் குவிந்துவிடவில்லை. 1962-இல் நம்மிடம் தோற்றபோதும் ஜப்பானியர் அவரை அனுப்பிவிடவில்லை. அவர் சொன்ன யோசனைகளைக் கேட்டுக்கொண்டார்கள். அவற்றில் தலையாயது, தேசம் முழுவதற்குமான ஒழுங்கான தொடர்போட்டி ஒன்று வேண்டுமென்பது. 1965-இல் அதைத் தொடங்கினார்கள். 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றபோது பயிற்சியாளர் ஸ்தானத்தில் இருந்தவர் நகனுமா கென் என்ற ஜப்பானியர், கிராமரிடம் பயின்றவர். 1998 முதல் எந்த உலகக் கோப்பையிலும் ஜப்பான் இல்லாமலிருந்ததில்லை. அந்நிய ஆசானை அழைத்து, அவன் வித்தையைச் சுதேசியாக்கிக்கொள்வது இப்படித்தான். நாமோ சுதேசி ஆசானுடைய வித்தையையே அந்நியமாக்கிக்கொண்டோம்.

இந்த வெளிச்சத்தில் பின்வந்தவர்களைப் பார்த்தால் வாதத்தின் உஷ்ணம் தணியும். ஹௌட்டன் நீண்ட பயிற்சி முகாம்களையும் வெளிதேசத்து ஆட்டங்களையும் ஏற்படுத்தி, அணிக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். 2011 ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 4-க்கு 0, பஹ்ரைனிடம் 5-க்கு 2, தென் கொரியாவிடம் 4-க்கு 1 என்று தோற்றார். ஏப்ரலில் அவர் இல்லை. ஹெல்சிங்கிக்குப் பின் ரஹீமுக்குக் கிடைத்த மறுவாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கான்ஸ்டன்டைன் புதிய வாலிபர் பலருக்குத் துணிந்து இடம் கொடுத்தார். 2019 ஜனவரி 14-ஆந் தேதி பஹ்ரைனுடன் சமன் செய்தாலே அடுத்த சுற்று. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி உதையால் தோல்வி. அன்றிரவே அவர் விலகினார். அந்த ஒரு நிமிஷம் தவறாமலிருந்தால் அவரைப் பற்றிய தீர்ப்பே வேறாயிருக்கும். ஒரு நிமிஷத்தில் மாறும் தீர்ப்பு நியாயமான தீர்ப்பாகுமா?

ஸ்டிமாச்சுக்கு ஐந்து வருஷங்கள் கிடைத்தன. 2023-இல் இரண்டு கோப்பைகள் வென்றபோது அவர் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஒரு கோலும் போடாமல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. மார்ச்சில் கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானத்திடம் 2-க்கு 1 என்று தோல்வி. ஜூன் மாதம் அவரை நீக்கினார்கள். பின்பு நஷ்ட ஈட்டுத் தகராறு வந்தது. ஆசியக் கோப்பையில் வெறுங்கையோடு திரும்பிய பழியில் அவருக்குப் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஜெயிக்கும்போது ஒப்பந்தத்தை நீட்டி, தோற்கும்போது கிழித்தெறிவதற்குப் பெயர் நிர்வாகமா? அவருக்குப் பின் வந்த ஸ்பெயின் தேசத்து மனோலோ மார்க்கேஸுக்கு ஒரே வருஷம். அதிலும் பெரும்பகுதி கோவா சங்கம் ஒன்றுக்கும் தேச அணிக்கும் ஒரே சமயத்தில் அவரே ஆசான். எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி. அரை ஆள் உழைப்பை விலைக்கு வாங்கிவிட்டு முழுப் பலன் எதிர்பார்த்தவர்களைப் பற்றி அபிமானிகள் ஏன் வாதம் செய்வதில்லை?

நாம் சொல்ல வந்த உண்மை இதுவே. சிறந்த பயிற்சியாளர் யார் என்ற வாதத்தில் பயிற்சியாளர்கள் மட்டுமே கூண்டில் நிற்கிறார்கள். அவர்களை அழைத்தவர்கள், அவர்களிடம் கொடுத்த ஆட்டக்காரர்களை உண்டாக்க வேண்டியவர்கள், ஒருவர் கட்டியதை அடுத்தவர் வருமுன் கலைத்தவர்கள் எல்லாரும் சாட்சிகளாகக்கூட அழைக்கப்படுவதில்லை. நிர்வாகக் குழப்பம் முற்றி, வெளியார் தலையீடு என்ற காரணத்தின்மேல் 2022 ஆகஸ்டில் உலகச் சம்மேளனம் நமது சம்மேளனத்தையே பத்து நாட்களுக்கு மேல் விலக்கி வைத்தது. அந்த அவமானத்தை எந்தப் பயிற்சியாளரின் கணக்கில் எழுதுவது? தெற்காசியாவின் எல்லைக்குள்ளேயே தடுமாறும் அணியிடம் உலகக் கோப்பையைப் பற்றிப் பேசும் நிர்வாகிகளைப் பார்த்தால், கூரை ஏறிக் கோழி பிடிக்கமாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டிய கதைதான் நினைவுக்கு வருகிறது.

வாதத்தில் நமது தீர்ப்பையும் கேட்பார்கள், மழுப்ப விரும்பவில்லை. ரஹீமுக்கே முதலிடம். பதக்கங்களுக்காக மட்டும் அன்று. கையில் கிடைத்தது குறைவாயிருந்தும், எதிரி வலியவனாயிருந்தும், தனக்குப் பின் கற்பிப்போரை விட்டுச்சென்றதற்காக. ஹௌட்டனுக்கும் கான்ஸ்டன்டைனுக்கும் உரிய மரியாதை உண்டு. ஆயினும் ரஹீமைப் போன்ற ஒருவர் இன்று நம்மிடையே தோன்றினால், அவருடைய ஹெல்சிங்கியோடு அவரை விரட்டிவிட்டு அவருடைய மெல்போர்னையும் ஜகார்த்தாவையும் இழந்துவிடுவோம் என்பதே நமது அச்சம்.

ஆகவே சம்மேளனத்தாரை நாம் கேட்பவை சில. பயிற்சியாளரை நியமிக்கும்போது அவரிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதை எழுத்தில் வைத்துப் பகிரங்கப்படுத்த வேண்டும். ஓர் ஆசியக் கோப்பையிலிருந்து அடுத்ததுவரை நான்கு வருஷங்கள் கொடுத்து, அதன்பின் கணக்குக் கேட்க வேண்டும். தேச அணியின் ஆசானுக்கு வேறு வேலை இருக்கலாகாது. அந்நியர் வந்தால் அவரருகே நம்மவர் இருவராவது இருந்து தொழிலைக் கற்க வேண்டும். விலகும் ஒவ்வொருவரும் தாம் செய்ததையும் செய்ய முடியாததையும் அறிக்கையாக எழுதி வைத்துச் செல்ல வேண்டும். அடுத்தவர் அதைப் படித்துவிட்டே மைதானத்தில் இறங்க வேண்டும்.

அபிமானிகளுக்கும் ஒரு கடமையுண்டு. ரஹீம் முதலில் தேச அணியின் பயிற்சியாளர் அல்ல. ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். உங்கள் ஜில்லாவில் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்பிப்பவர் யார், அவருக்குச் சம்பளம் என்ன, அவர் கையில் மைதானம் உண்டா, அம்மைதானத்தை யாரேனும் ஆக்கிரமித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஜில்லாச் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்துக்குப் போய் வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். டில்லிப் பயிற்சியாளரின் பெயரை அறிந்த அளவுக்கு உங்கள் ஊர்ப் பயிற்சியாளரின் பெயரையும் அறிந்துகொள்ளுங்கள். அடுத்த தோல்வியின்போது பழைய பெயர்களை மீண்டும் தூசி தட்டாமல், நியமித்தவர்களை அழைத்து நேருக்குநேர் கணக்குக் கேட்கும் தைரியம் நம் வாலிபர்களுக்கு வரவேண்டும்.